தஹ்சீன் செய்த எடை குறைந்த பெட்டி

கிண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்யும் கம்பெனி ஒன்றில் தஹ்சீன் வேலை பார்த்தாள். பாட்டில் மூடி, மிக்சி கைப்பிடி, ஸ்விட்ச் பெட்டி என்று எதற்கு அச்சு வேண்டுமோ அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவள் பொறுப்பு. பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்தவள், கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்த பிறகும் விடவில்லை. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கீழே, அவள் ஆபா என்று கூப்பிடும் நாத்தனார் ஹாஜிரா பீ. மேலே இவளும் கணவன் மெஹபூப் அலியும். உருதும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் மாறி மாறி ஓடுகிற வீடு. குழந்தை இல்லை. முதல் சில வருடங்கள் அதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பிறகு பேசுகிறவர்களுக்கே அலுத்துவிட்டது.

மெஹபூப் போட்டோகிராபர். தி. நகர் நகைக்கடைகளுக்கும் புடவைக்கடைகளுக்கும் விளம்பரப் படம் எடுத்துக் கொடுப்பான். நெக்லஸ், வங்கி, ஒட்டியாணம் என்று பகலெல்லாம் தங்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, இரவில் கண்ணில் பன்னீர் விட்டுக்கொண்டு படுப்பான். அது பிழைப்பு. ஆசைக்கு என்று அவனிடம் ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருந்தது. மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற வகை. அதற்கு அகலமான ஃபிலிம் வேண்டும். ஒரு ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள் வரும். அந்த ஃபிலிம் கேமராவுக்குள் இருக்காது. முதுகுப்பக்கம் கழற்றி மாட்டுகிற ஒரு தனிப் பெட்டிக்குள் இருக்கும். ஃபிலிம் பேக் என்பார்கள். ஒரு படம் எடுத்ததும் பெட்டியின் பக்கத்திலுள்ள திருகைச் சுற்ற வேண்டும். உள்ளே பல்சக்கரங்கள் ஓடி, எடுத்த பகுதியை நகர்த்திவிட்டு, அடுத்த வெற்றுப் பகுதியைக் கொண்டுவந்து நிறுத்தும்.

கேமரா கல் மாதிரி நன்றாக இருந்தது. கெட்டுப்போனது பெட்டிதான். பல்சக்கரம் தேய்ந்து படத்தின் மேல் படம் ஏறியது. ஓரத்தில் வெளிச்சம் கசிந்து நெகட்டிவ் முழுக்கக் கோடு விழுந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ விற்ற பழைய பெட்டிகளை வரவழைத்துப் பார்த்தான். அவையும் இதே வயதுக்காரர்கள்தானே, அவற்றுக்கும் இதே நோய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நியூஸ்பேப்பரில் பிரித்துப் போட்டுவிட்டு மெஹபூப் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த தஹ்சீன் எட்டிப் பார்த்தாள். ஒரு டப்பா, நாலு சக்கரம், ரெண்டு ஸ்பிரிங், இதைப் புதிதாகவே செய்துவிட்டால் என்ன என்று கேட்டாள். செய்யேன் என்றான் அவன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

செய்தாள். ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. மூடி ஒட்டாமல் வெளிச்சம் உள்ளே போனது. ஃபிலிம் தட்டையாக நிற்காமல் நடுவில் உப்பியது. அதைச் சரிசெய்தால் இன்னொன்று. மாடி அறையில் முப்பரிமாண பிரிண்டர் ஒன்றை வாங்கி வைத்தாள். பித்தளைச் சக்கரங்களைக் கிண்டியில் தெரிந்த லேத் பட்டறையில் கடைந்து வாங்கினாள். ஒருநாள் மெஹபூப் குளியலறையில் ஃபிலிமைக் கழுவி எடுத்து, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். பன்னிரண்டு கட்டங்களும் சம இடைவெளியில் நின்றன. அவன் கீழே இறங்கிப் போய் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினான். ஹாஜிரா பீக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரத் துணிக்குப் பக்கத்தில் இதை எதற்குத் தொங்கவிட்டாய் என்று மட்டும் கேட்டார்.

உலகம் பூராவும் இதே கேமராவை வைத்துக்கொண்டு இதே நோயோடு தவித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மெஹபூப் இணையத்தில் இரண்டு படம் போட்டான். பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டார், கொச்சியிலிருந்து ஒருவர், பிறகு போலந்து, ஜப்பான். தஹ்சீன் வேலையை விட்டுவிட்டு மாடி அறையிலேயே உட்கார்ந்தாள். மெஹபூப் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தான்: தான் ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்காத பெட்டி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

அதற்காகவே விடிகாலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போவான். அங்கே ஆண்டனி என்று ஒரு மீனவன் அவனுக்குச் சிநேகிதம். ஆண்டனியின் படகு, வலை, மீன் விற்கிற அவன் மனைவி எஸ்தர், அவர்கள் வீட்டு நாய் என்று சோதனை ரோல்கள் முழுக்க அந்தக் குடும்பம்தான். எந்த நாட்டுக்குப் போகிற பெட்டியானாலும் முதலில் எஸ்தரின் முகத்தைத்தான் பார்த்துவிட்டுப் போகும்.

மெஹபூபின் கைகள் ஒரு மழைக்காலத்தின் முடிவில் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகத் தொடங்கின. லென்ஸ் வளையத்தைத் திருப்ப முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்தது. வாயு என்று எண்ணெய் தேய்த்தார்கள். அடையாறில் ஒரு நரம்பு மருத்துவர், பரிசோதனைகள் எல்லாம் முடிந்தபின், தன் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதே தஹ்சீனுக்குப் புரிந்துவிட்டது. தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகிற நோய். கை, கால், பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. புத்திக்கும் கண்ணுக்கும் ஒன்றும் ஆகாது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது மெஹபூப் வந்த முதல் ஆட்டோவைப் போகவிட்டான். பிறகு, கண்ணுக்கு ஒன்றும் ஆகாதாம், கேட்டாயா என்றான்.

அவன் கேமராவைத் தூக்க முடியாமல் திணறுவதைத் தஹ்சீன் சில வாரங்கள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவின் எடையில் அவளால் கைவைக்க முடியாது. பெட்டியின் எடை அவள் கையில் இருந்தது. அலுமினியத் தகடுகளை எடுத்தாள். சுவர்களை மெல்லிசாக்கினாள். கடைசியில் பித்தளைச் சக்கரங்களையும் எடுத்துவிட்டு, அவற்றை நைலானில் செய்து போட்டாள். பாதி எடைகூட இல்லை. கேமராவில் மாட்டி அவன் மடியில் வைத்தபோது, இரண்டு கைகளாலும் அதை மார்புவரைக்கும் தூக்கினான். தூக்கியதும் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

அந்தச் சித்திரை வெயிலில் கபாலி கோயில் குளத்துப் படிக்கட்டுக்கு அவனை ஆட்டோவில் கூட்டிப்போனாள். ஒரு ரோல் முழுக்க எடுத்தான். கழுவும்போது டப்பாவைப் பிடித்துக்கொள்ள மட்டும் அவளைக் கூப்பிட்டான். எல்லாப் படங்களும் சரியாக வந்திருந்தன. இதையும் விற்பனைக்குப் போடு, கை முடியாதவன் உலகத்தில் நான் ஒருத்தன்தானா என்றான். அவள் தயங்கினாள். வழக்கமாகப் புது மாதிரி ஒன்றை வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். இதில் ஓடியது ஒரு ரோல்தான். ஆனால் அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம் இருந்தது. போட்டாள். வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள், மலையேறப் போகிறவர்கள் என்று நிறையப் பேர் விரும்பி வாங்கினார்கள்.

குளக்கரையில் எடுத்ததுதான் மெஹபூப் தன் கையால் எடுத்த கடைசி ரோல். அவன் சட்டமும் அதோடு நின்றது, பெட்டிகள் சோதனை ரோல் ஓடாமலே போயின. ஆடி மாதத்துக்குள் கைகள் இரண்டும் மடியில் விழுந்துவிட்டன. பிறகு நடை போனது. பேச்சு குழறத் தொடங்கியது. தஹ்சீனுக்கு மட்டும்தான் முழுதாகப் புரிந்தது. உதட்டின் ஒரு ஓரம் தொங்கியதிலிருந்து அவன் யாரையும் போட்டோ எடுக்க விடவில்லை. பார்க்க வந்தவர்கள் போனை நீட்டினால் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான்.

கார்த்திகையில் நாலைந்து நாள் விடாமல் மழை பெய்தது. சந்தில் முழங்கால் தண்ணீர். ஒருநாள் காலையில் சட்டென்று வெயில் அடித்தது. அன்று ஆண்டனி வஞ்சிரம் கொண்டுவந்திருந்தான். மெஹபூப் அவனைப் பார்த்து ஏதோ சொன்னான். ஆண்டனிக்குப் புரியாமல் தஹ்சீனைப் பார்த்தான்.

"மொட்டமாடிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்றாரு" என்றாள்.

ஆண்டனியும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியோடு அவனை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனார்கள். தரை கழுவிவிட்டது போல இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அவனை உட்காரவைத்ததும், கேமராவைக் கொண்டுவரச் சொன்னான். அவன் எதையோ பார்க்க ஆசைப்படுகிறான் என்று நினைத்து எடுத்துவந்து மடியில் வைத்தாள். அவன் தலையை அசைத்தான்.

"நீ எடு" என்றான். "என்னிய எடு."

அவள் அதுவரை மனிதர்களை எடுத்ததே இல்லை. பெட்டி செய்கிறவளுக்குக் கேமரா பிடிக்க வராது என்று அவன் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறான். அவளும் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கு போகஸ் பண்ண வராதுங்க."

"வரும். ஸ்டாண்டுல வை. பொறுமையா பாரு." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "இத்தினி வருசம் நான்தான் பாத்துக்கினு இருந்தேன்."

எடை குறைந்த பெட்டியில் ஃபிலிம் போட்டாள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினாள். குனிந்து கண்ணாடியில் பார்த்தபோது அவன் முகம் வெளியே இருப்பதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. தொங்கிய உதடு, ஒரு வாரத்துத் தாடி, கழுத்து எலும்பு. முதல் படம் எடுத்தாள். திருகைச் சுற்றினாள். டிக் என்று சத்தம் கேட்டு, எண் காட்டும் சின்ன ஜன்னலில் இரண்டு வந்தது. அடுத்த படத்துக்கு அவனைக் கொஞ்சம் இடதுபக்கம் பார்க்கச் சொன்னாள். அடுத்ததற்கு வானத்தை. ஒன்றில் வெயில் பட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றில், முடிந்த அளவுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினான். ஆண்டனி சிரித்ததில் அவனும் சிரிக்க, தொண்டையில் எச்சில் சிக்கி இருமினான். அவள் ஓடிப்போய் முதுகைத் தடவிவிட்டு வந்து, அந்தச் சிவந்த முகத்தையும் எடுத்தாள். கடைசிப் படத்துக்கு அவன் லென்ஸைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, குனிந்திருந்த அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் அதைக் கண்டதும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினாள்.

முடிந்ததும், சக்கரங்களோடு சேராத தனிக் கைப்பிடியால் ஃபிலிமை முழுக்கச் சுருட்டி, ரோலை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஃபிலிம் கழுவ அவளுக்குத் தெரியாது. அது எப்போதும் அவன் வேலை. தி. நகரில் பிரபாகர் என்பவர் லேப் வைத்திருந்தார். அங்கே கொடுக்க வேண்டும். மறுநாள் போகலாம் என்று நினைத்தாள். மறுநாள் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பிறகு மெஹபூபுக்குச் சளி கட்டியது, மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள், அவனை விட்டு அரை மணிநேரம் நகர முடியவில்லை. ஆண்டனி தான் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னான். பஸ்ஸில் ஈரத்தில் எங்காவது தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, நானே போகிறேன் என்றுவிட்டாள். மெஹபூபுக்கு அதற்குள் பேச்சு முழுதாக நின்றிருந்தது. ஆனால் அவள் கஞ்சி ஊட்டும்போது கண்ணை ஃப்ரிட்ஜ் பக்கம் திருப்பிவிட்டுப் புருவத்தைத் தூக்குவான். என்ன கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்பாள். தினமும் கேட்டான்.

அந்த வருடம் முடிவதற்குள் ஒரு விடியற்காலையில், பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில், அவன் மூச்சு நின்றது. மெஷின் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜிரா பீதான் எழுந்துபோய் அதை அணைத்தார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, ஹாஜிரா பீ மேலே வந்தார். தம்பியை மொட்டைமாடியில் எடுத்ததாக ஆண்டனி சொன்னானே, அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். போனில் பழைய படங்கள் நிறைய இருந்தன. கல்யாண ஆல்பம் இருந்தது. அதெல்லாம் அவருக்கு வேண்டாம். கடைசி மாதங்களில் அவன் தன்னைக்கூட நேராகப் பார்க்கவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று அவருக்கு மனத்தாங்கல். அன்றைக்கு அவன் சிரித்தானாமே, அதைப் பார்க்க வேண்டும்.

தஹ்சீன் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தபின் பெண்கள் வெளியே போகாமல் வீட்டில் இருக்கும் காலம் அது. அது முடிந்த வாரத்தில் ரோலைக் கைப்பைக்குள் வைத்து, பையை மடியில் அணைத்துக்கொண்டு தி. நகருக்கு ஆட்டோவில் போனாள். லேப் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. பிரபாகர் மெஹபூபை நன்றாகத் தெரிந்தவர். அவளை உட்காரவைத்துவிட்டு, இப்போதே கழுவித் தருகிறேன் என்று உள்ளே போனார்.

வெளியே வந்தபோது அவர் கையில் ஈர ஃபிலிம் இருந்தது. அவர் அதை அவளிடம் நீட்டவில்லை.

"மேடம், இது சார் எடுத்ததா?"

"இல்ல. நான் எடுத்தேன்."

"எத்தினி படம் எடுத்தீங்க?"

"பன்னெண்டு. பூரா ரோலும்."

அவர் விளக்குப் பெட்டியில் ஃபிலிமை விரித்தார். முக்கால்வாசிக்கும் மேல் வெறும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. தொடக்கத்தில் ஒரே ஒரு சதுரம், தார் பூசியது போலக் கறுப்பாக. படங்கள் எடுத்த பெட்டியைச் செய்தவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பிரபாகர் சொன்னார்.

"ஃபிலிம் நகரவே இல்ல மேடம். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா, ஒரே எடத்துல விழுந்திருக்கு."

ஸ்கேன் செய்து பார்க்கலாம், கொஞ்சமாவது தெரியும் என்று அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்ததில் படம் எழுந்துவந்தது. ஸ்டாண்டில் வைத்து எடுத்ததால் அசையாதது எல்லாம் அச்சுக் குத்தியது போல விழுந்திருந்தது. கைப்பிடிச் சுவரின் வெடிப்பு தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும், நாற்காலிக் கால்களுக்கு அடியில் தேங்கியிருந்த மழைநீரும் தெரிந்தன. நாற்காலியின் பிரம்புப் பின்னலைக்கூட எண்ணலாம். அதில் உட்கார்ந்திருந்த ஆளின் முகம் மட்டும் இல்லை. சட்டைக்கு மேலே, புகை கட்டி நின்றது போல ஒரு வெள்ளை. உற்றுப் பார்த்தால் கண் மாதிரி ஒன்று இங்கே, இன்னொன்று அங்கே. சிரித்ததும், இருமியதும், நாக்கைத் துருத்தியதும், கண்ணை மூடியதும், கடைசியில் அவளைப் பார்த்ததும் எல்லாம் ஒன்றையொன்று அழித்துவிட்டிருந்தன.

பிரபாகர் காசு வாங்க மாட்டேன் என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, பர்தாவைக்கூடக் கழற்றாமல் மாடி அறைக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தாள். படத்தின் எண்ணைக் காட்டுகிற சக்கரம் சரியாக இருந்தது. அது தன்பாட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடியிருக்கிறது. ஃபிலிமை இழுக்கிற நைலான் சக்கரம், தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நடுத்துளையில் வழவழவென்று வட்டமாகத் தேய்ந்து, தண்டு சுற்றினாலும் தான் சுற்றாமல் நின்றது. நைலான் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் மெத்தென்று ஆகும். கிண்டியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கற்ற பாடம். சித்திரையில் ஓடியது கார்த்திகை மழையில் ஓடவில்லை. பித்தளை இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவன் கைக்குக் கனக்கிறதே என்றுதான் பித்தளையை எடுத்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள், அந்த மாதிரியை வாங்கிய எல்லோருக்கும் அவள் மெயில் எழுதினாள். இதை உடனே நிறுத்திவிடுங்கள், ஃபிலிம் நகராமல் போகலாம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பித்தளைச் சக்கரம் போட்டு வேறு பெட்டி அனுப்புகிறேன் என்று எழுதினாள். தன்னுடைய ரோலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த நேரத்தில் யாரோ எங்கோ திருகைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்புதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

பெரும்பாலோர் நன்றி சொல்லி எழுதினார்கள். தங்கள் பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்றார்கள். ஒருவர் கடுமையாகத் திட்டினார். கொச்சியிலிருந்து ஒரு பெண், தன் மகள் பள்ளிக்கூடம் போன முதல் நாளை அதில் எடுத்ததாகவும், ஃபிலிம் வெறுமையாக வந்தபோது தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்ததாகவும், இப்போது மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். தஹ்சீன் அதைப் படித்துவிட்டு, தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஹாஜிரா பீயிடம் சொல்ல இரண்டு மூன்று நாள் ஆனது. பிரபாகர் அனுப்பிய படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஹாஜிரா பீ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல அவன் எங்கம்மா?"

தஹ்சீன் விரலை வைத்துக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். எடையைக் குறைத்ததையும், ஒரு ரோல்தான் சோதித்ததையும், எதையும் மறைக்காமல் சொன்னாள். ஹாஜிரா பீ காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் பாக்கல. நல்லவேளை" என்றார்.

"இல்ல ஆபா" என்றாள் தஹ்சீன். "பாத்திருக்கணும். நான் மறுநாளே கொண்டுபோய்க் கழுவியிருந்தா தெரிஞ்சிருக்கும். அவரு சிரிச்சிருப்பாரு. வேற பெட்டிய மாட்டி இன்னொரு தடவ எடுத்திருப்பேன். நாள் இருந்துச்சு ஆபா. தினம் கேட்டாரு. நான்தான் நாளைக்கு நாளைக்குன்னேன்."

ஹாஜிரா பீ கை நீட்டித் தொடவில்லை. எழுந்து, அந்தக் காகிதத்தை அலமாரியில் குர்ஆனுக்குக் கீழ்த் தட்டில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் பத்து நாள் போல இருவருக்கும் சரியான பேச்சில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம், ஒரு கிண்ணத்தில் தால்ச்சாவை மூடிக் கொண்டுவந்து மேலே வைத்துவிட்டுப் போனார். வீட்டில் அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை.

தஹ்சீன் பித்தளைச் சக்கரம் போட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாக அனுப்பி முடித்தாள். அதற்குப் பிறகு கடையை மூடிவிடுவாள் என்று ஆண்டனி நினைத்தான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன. காலையில் எழுந்தால் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. சோதனை ரோலை இப்போது அவளே எடுக்கிறாள். சுவர், குளம், கரையில் ஏற்றிவைத்த படகு. மனிதர்களை எடுப்பதில்லை. எடுத்த அன்றே, மழையோ வெயிலோ, நேராக தி. நகருக்குப் போய்விடுவாள். பிரபாகர் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அவள் ஃபிலிமை முதலில் கழுவித் தருவார். எடை குறைந்த மாதிரி கிடைக்குமா என்று இன்னும் யாராவது எழுதிக் கேட்பார்கள். இல்லை என்று ஒரே வரியில் பதில் போடுவாள்.

போன பங்குனியில் ஒருநாள் அவள் குப்பத்துக் கரையில் படகை எடுத்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். தங்கள் கல்யாண நாள் வருகிறது, பாய் இருந்தபோது தனித்தனியாக எடுத்திருக்கிறார், இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம்கூட இல்லை, நீங்கள் எடுத்துக் கொடுங்கள் என்றாள். தஹ்சீன் முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆண்டனி பின்னாலிருந்து தலையசைத்து எஸ்தரைத் தடுத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, சரி என்றுவிட்டாள்.

புது ரோல் ஒன்றைப் போட்டு, படகின் ஓரத்தில் இருவரையும் உட்காரவைத்து எடுத்தாள். முதல் படத்துக்குப் பிறகு திருகில் கைவைக்க முடியவில்லை. எஸ்தர் காற்றில் பறந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டே காத்திருந்தாள். ஆண்டனி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்துச் சுற்றினாள். முழு ரோலையும் எடுத்தாள்.

அன்று மத்தியானமே கழுவி, பிரிண்ட் போட்டு, வெயில் தாழ்கிற நேரத்தில் குப்பத்துக்குக் கொண்டுவந்தாள். எஸ்தர் தரையில் பாய் விரித்துப் படங்களை வரிசையாகப் பரப்பினாள். பன்னிரண்டும் இருந்தன. எதை மாட்டுவது என்று இருவருக்கும் சண்டை வந்துவிட்டது.

"இதுல நீ கடுவன் பூன மாதிரி கீற. இது வேணாம்" என்றாள் எஸ்தர்.

"அப்ப அதுல நீ கண்ண மூடிக்கினு கீறியே. அத மாட்டுவியா?"

"அதுல நான் சிரிச்சிக்கினு கீறேன். நல்லாத்தான் கீது."

ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து, மறுபடி முதல் படத்துக்கே வந்து, இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தஹ்சீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். எஸ்தர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். படங்களை அவசரமாக ஒன்றாக்கிப் பாயின் அடியில் தள்ளிவிட்டு, உள்ளே போய் ஒரு கவரில் சங்கரா மீன் போட்டுக்கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"சுத்தம் பண்ணிட்டேன் அண்ணி. கொழம்பு வச்சுக்க. தனியா இருந்தாலும் வச்சு சாப்புடணும்" என்றாள்.

தஹ்சீன் தலையசைத்துவிட்டு, சந்து வழியாக பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.